ஈயத்தில் வார்த்த படை

2013 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் என் தங்கையின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை, தங்கையின் மகன் வீட்டுப் பரணைத் துப்புரவு செய்யும்போது பழைய சப்பாத்துப் பெட்டியொன்றைக் கீழே இறக்கி வந்தான். அந்தச் சிறிய பெட்டியை அவன் இரு கைகளாலும் தாங்கிப் பிடித்திருந்தான். மேசையில் வைத்தபோது மேசை ஒருமுறை அதிர்ந்தது. உள்ளே பழைய செய்தித்தாள்களில் சுற்றப்பட்டு நூறுக்கும் மேற்பட்ட உலோக உருவங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலின் பாதி உயரமே இருக்கும். நீண்ட மூக்கும் கூரிய காதும் கொண்ட குறளிகள், பன்றிப் பல் முளைத்த அரக்கர், தடியேந்திய பூதங்கள்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த தங்கை, "அந்தச் சனியனை இன்னும் நீ எறியேல்லையோ?" என்றாள்.

அவளுடைய கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர், 1985 இல் அந்தக் குடும்பம் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. பையனுக்கு அப்போது பதினொரு வயது. பதின்மூன்று வயதானதும், அந்நாட்டுச் சிறுவர்கள் பலர் செய்வதுபோல, அதிகாலையில் சைக்கிளில் வீடு வீடாகச் செய்தித்தாள் போடும் வேலைக்குப் போனான். வாரக் கடைசியில் கிடைத்த காசை அப்படியே கொண்டுபோய் இந்த ஈயப் பொம்மைகளை வாங்கினான். ஒருநாள் தாய் பொறுமை இழந்தாள். "அங்கை இருந்து ஓடி வந்தது போதாதெண்டு இங்கை காசு குடுத்துச் சண்டை வாங்குறியோ?" என்று கேட்டாள். பெட்டி பரணுக்கு ஏறியது. அது நடந்தது 1990 இல்.

இருபத்துமூன்று ஆண்டுகளின் பின் பெட்டி இறங்கி வந்தபோது, அவளுடைய கேள்வியும் அதனோடு இறங்கி வந்தது. போரிலிருந்து தப்பி வந்த பிள்ளை எதற்காகப் போரை விளையாட வேண்டும்? ஊர்ப் போரைச் செய்தியாக எழுதியே தலை நரைத்த எனக்கு அந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை. அங்கிருந்த நாள்களிலும் அதன் பின்னரும் இந்தப் பொம்மைப் படைகளின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். வாசித்தவற்றையும் கண்டவற்றையும் இங்கு எழுதுகிறேன்.

சதுரங்கமும் பிரஷ்யப் படையும்

படையைச் சுருக்கி மேசையில் வைக்கும் எண்ணம் நம்மவருக்குப் புதியதன்று. சதுரங்கம் என்ற சொல்லே நான்கு உறுப்புகள் கொண்ட படையைக் குறிக்கிறது. தேர், யானை, குதிரை, காலாள் ஆகிய அந்நான்கும் கி.பி. ஆறாம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் பலகைக்கு வந்தன. பின்னர் பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் சென்று ஐரோப்பாவை அடைந்தன. ஆனால், சதுரங்கத்தில் மழையில்லை, மலையில்லை, தற்செயலும் இல்லை.

அவற்றை மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும். தந்தை 1812 இல் தமது விளையாட்டை மன்னருக்குக் காட்டினார். படை அதிகாரியாக இருந்த மகன் அதைத் திருத்தி 1824 இல் வெளியிட்டார். உண்மையான நிலவரைபடம், படைப்பிரிவுகளைக் குறிக்கும் நீலம், சிவப்புக் கட்டைகள், சேதத்தைத் தீர்மானிக்கும் தாயக்கட்டை, இரு தரப்புக்கும் பொதுவான நடுவர் ஆகியன அதில் இருந்தன. படைத் தலைமை அதனை விளையாட்டாகக் கருதவில்லை. அதிகாரிகளுக்கான பயிற்சியாக ஏற்றுப் படையணிகளுக்கு அனுப்பியது. இளைய ரைஸ்விட்ஸ் 1827 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய விளையாட்டு மாத்திரம் வாழ்ந்தது. அந்த நூற்றாண்டு முடியுமுன் ஐரோப்பியப் படைகள் பலவும் அதைக் கற்றுக்கொண்டன.

இதே காலத்தில் பொம்மை வீரர்களும் தனிவழியில் வளர்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரில் ஹில்பேர்ட் என்னும் வார்ப்பாளர் வெள்ளீயத்தில் தட்டையான வீரர்களைச் செய்து விற்றார். 1838 இல் வெளிவந்த அன்டர்சனின் புகழ்பெற்ற கதையில் வரும் ஒற்றைக்கால் வீரனும் அந்த மரபினன். ஒரே கரண்டியை உருக்கி இருபத்தைந்து வீரரை வார்த்தபோது, கடைசி வீரனுக்கு மட்டும் உலோகம் போதாமற் போயிற்று. குழந்தைகளுக்கான கதைதான். ஆயினும், போரின் பின் எங்கள் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு ஒற்றைக்கால் வீரனைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

நான்கு பிள்ளைகள், பன்னிரண்டு வீரர்கள்

கற்பனைப் படை, அதாவது உலகில் எங்குமே இல்லாத நாட்டுக்கான படை, எப்போது தோன்றியது என்று என்னைக் கேட்டால் 1826 ஆம் ஆண்டு ஜூன் மாதம் என்பேன். யோர்க்ஷயரின் ஹவர்த் கிராமத்துப் பாதிரியார் பற்றிக் பிரொன்டே, லீட்ஸ் நகரிலிருந்து தம் மகன் பிரான்வெலுக்குப் பன்னிரண்டு மரவீரர்களை வாங்கி வந்தார். சார்லட், எமிலி, ஆன் என்ற மூன்று சகோதரிகளும் ஆளுக்கொரு வீரனைத் தமக்கென எடுத்துக்கொண்டனர். சார்லட் தன் வீரனுக்கு வெலிங்டன் பிரபுவின் பெயரைச் சூட்டினாள். பெயர் வந்ததும் வரலாறு தேவைப்பட்டது. வரலாறு வந்ததும் நாடு தேவைப்பட்டது. கண்ணாடி நகரம், அங்கிரியா என்று கற்பனை இராச்சியங்களைப் படைத்து, உள்ளங்கையளவு ஏடுகளில் நுணுக்கி நுணுக்கி எழுதினார்கள். 'ஜேன் அயர்', 'வதரிங் ஹைட்ஸ்' ஆகிய நாவல்களை 1847 இல் உலகுக்குத் தந்த கைகள் முதலில் எழுதிப் பழகியது இந்தப் பன்னிரண்டு மரவீரர்களுக்காகத்தான்.

அரை நூற்றாண்டின் பின், 1881-82 பனிக்காலத்தில், நெஞ்சு நோய்க்காகச் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் தங்கியிருந்த ஆர். எல். ஸ்டீவன்சன், மாற்றாள் மகன் என்று நாம் சொல்லும் முறையிலான சிறுவன் லொயிட்டுடன் ஒரு மச்சறையில் ஈய வீரர்களை அடுக்கினார். தரையில் சோக்கட்டியால் ஆறும் மலையும் வீதியும் வரைந்தார்கள். இங்கே என் தொழிலுக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. அந்தப் பொம்மைப் போருக்காக ஸ்டீவன்சன் கற்பனைப் பத்திரிகைகளையும் நடத்தினார். களச் செய்திகள் எழுதினார். அவற்றில் தளபதிகளைக் கேலியும் செய்தார். அவர் மறைந்த பின் 1898 இல் லொயிட் அவற்றை வெளியிட்டார். அச்செய்திகளை வாசித்தபோது சிரித்தேன். பிறகு, எங்கள் நாட்டில் தளபதிகளைப் பற்றி எழுதியதற்காகவே இல்லாமற் போன சக செய்தியாளர்கள் நினைவுக்கு வந்தார்கள். அதன் பின் சிரிக்க முடியவில்லை.

ஒரே பொம்மை, இரண்டு பாடங்கள்

1893 இல் லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கண்டது. உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவிலிருப்பதைத் திரும்ப வெளியே ஊற்றிவிடுவது அம்முறை. உள்ளே வெறுமையான வீரனுக்கு உலோகம் குறைவு, விலையும் குறைவு. அதுவரை ஜேர்மன் பொம்மைகளையே நம்பியிருந்த பிரித்தானியச் சிறுவர்களின் அறைகளுக்குள் சொந்த நாட்டுப் படையணிகள் புகுந்தன.

பொம்மை வீரர்கள் தம் வாழ்வின் போக்கையே மாற்றியதாக வின்ஸ்டன் சேர்ச்சில் 1930 இல் வெளியான தன்வரலாற்றில் சொல்கிறார். சிறுவயதில் அவரிடம் ஏறத்தாழ 1,500 வீரர்கள் இருந்தனர். ஒருநாள் தந்தை வந்து, அணிவகுத்து நின்ற படையை நெடுநேரம் பார்த்துவிட்டு, இராணுவத்தில் சேர விருப்பமா என்று கேட்டார். மகன் ஆமென்றான். தன்னில் ஒரு தளபதியின் மேதைமையைத் தந்தை கண்டுவிட்டார் என்று மகன் நெடுங்காலம் நம்பினான். உண்மையில், சட்டத்தரணியாகும் அளவுக்குப் புத்தி போதாது என்றுதான் தந்தை முடிவு செய்திருந்தார்.

எச். ஜி. வெல்ஸ் அதே பொம்மைகளிலிருந்து வேறொரு பாடத்தைப் படித்தார். 1913 இல் 'சிறு போர்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நூல், வில்விசையால் மரக்குண்டு எறியும் பொம்மைப் பீரங்கியையும் பிரிட்டன் நிறுவனத்தின் வீரர்களையும் கொண்டு விளையாடுவதற்கான விதிகளைச் சொல்கிறது. வளர்ந்த மனிதர்கள் முழங்காலில் தவழ்ந்து விளையாடிய கதையை வேடிக்கையாக எழுதியவர், நூலின் முடிவில் குரலை மாற்றுகிறார். இச்சிறு போரை மூன்று நான்கு முறை ஆடிய எவருக்கும், பெரும் போர் எவ்வளவு தடுமாற்றமானது என்பது விளங்கிவிடும் என்பது அவருடைய வாதம். தளபதிகளையும் போர்வெறியர்களையும் ஒரு பெரிய அறையில் விட்டுவிட்டு, அவர்களுக்குப் போதிய பொம்மைகளைக் கொடுத்துவிடலாம் என்றும் ஆலோசனை கூறுகிறார்.

நூல் வெளிவந்த மறு ஆண்டே உலகப் போர் வந்தது. தரையில் ஈய வீரர்களை அடுக்கிய சிறுவர்களின் தலைமுறை பதுங்குகுழிகளுக்குச் சென்றது. 1916 ஜூலை முதலாம் நாள், சொம் போர்க்களத்தின் முதல் நாளில் மாத்திரம் 19,240 பிரித்தானியப் படையினர் இறந்தனர்.

அந்தக் களத்தில் சமிக்ஞை அதிகாரியாக இருந்த ஓர் இளைஞர் அகழிக் காய்ச்சலால் அவ்வாண்டு நவம்பரில் நாடு திரும்பினார். போர் முடியும்போது அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் இறந்திருந்தனர். அவர் பெயர் ஜே. ஆர். ஆர். ரோல்கின். 1937 இலும் 1954-55 இலும் வெளியான அவருடைய கதைகளிலிருந்தே ஓர்க் என்னும் அரக்கர் கூட்டம் உலகெங்கும் பரவியது. என் மருமகனின் பெட்டியில் கிடந்தவர்களும் அந்தக் கூட்டத்தின் வழிவந்தவர்களே.

நொட்டிங்ஹாமுக்கு வந்த அரக்கர்

இரண்டாம் உலகப் போரில் தாங்கிப் படையணியில் பணியாற்றிய டொனால்ட் ஃபெதர்ஸ்ரோன் 1962 இல் போர் விளையாட்டுகள் பற்றி எழுதிய நூல், இந்தப் பொழுதுபோக்கைச் சாதாரண மக்களிடம் கொண்டுசென்றது. இயன்மருத்துவராகத் தொழில் பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் பொம்மைப் படை நடத்தியவர் அவர். நான் நொட்டிங்ஹாம் போவதற்கு முந்திய மாதம்தான் அவர் காலமானார். உண்மைப் போரைக் கண்டவர் ஏன் பொம்மைப் போரை விரும்பினார் என்பது தங்கையின் கேள்விக்கு அண்ணன் முறையான கேள்வி.

1971 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய இடைக்காலப் போர் விதிநூலொன்றின் பின்னிணைப்பில் மந்திரவாதிகளும் அரக்கர்களும் இடம்பெற்றனர். 1974 இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' அங்கிருந்து கிளைத்தது. அதை இங்கிலாந்தில் விற்ற கேம்ஸ் வேர்க்‌ஷொப் நிறுவனம் 1975 இல் லண்டனில் தொடங்கப்பட்டது. அதன் துணையுடன் பிரையன் அன்செல், நொட்டிங்ஹாமுக்கு அண்மையிலுள்ள நியூவார்க் பட்டினத்தில் சிற்றடல் மினியேச்சர்ஸ் என்னும் வார்ப்பகத்தை 1970களின் இறுதியில் ஆரம்பித்தார். மக்கள் உருவங்களை ஒன்றிரண்டாக வாங்கினால் வார்ப்பகம் பிழைக்காது. நூற்றுக்கணக்கில் களமிறக்கக்கூடிய விளையாட்டு ஒன்று வேண்டும். அந்தத் தேவையிலிருந்து அன்செல், ரிச்சர்ட் ஹலிவெல், ரிக் பிரீஸ்ட்லி மூவரும் 1983 இல் 'வோர்ஹாமர்' விளையாட்டை வெளியிட்டனர். எங்கள் ஊர் எரிந்த அதே ஆண்டு. 1987 இல் அதன் மூன்றாம் பதிப்பும், 1988 இல் படைப் பட்டியல்கள் கொண்ட தனிநூலும் வந்தன. செய்தித்தாள் போட்ட காசில் மருமகன் வாங்கியவை அந்த இரண்டு நூல்களுமே.

வார்க்கும் முறை எளிது. செதுக்கும் கைதான் அரிது. மஞ்சளும் நீலமுமான இருவகைப் பசைகளைப் பிசைந்தால் பச்சைக் களிமண் போலாகி, சில மணி நேரத்தில் கல்லாக இறுகும். கம்பிச் சட்டகத்தின் மேல் அந்தப் பசையால் சிற்பி உருவத்தைச் செய்கிறார். அதை இறப்பர்த் தட்டுகளுக்கிடையில் அழுத்திச் சூடேற்றினால் அச்சு கிடைக்கும். சுழலும் அச்சின் நடுவே ஈயம், வெள்ளீயம், அந்திமனி கலந்த உருக்கை ஊற்றினால், அது சுழற்சியின் வேகத்தில் மூக்கு நுனிவரை ஓடி நிரம்பும். அக்காலச் சிற்பிகளுள் கெவ் அடம்ஸ் என்பவர் குறளி முகங்களுக்குப் பேர்போனவர். ஒரு முகம் போல் மற்றொன்று இராது. இன்னொருவர் மைக்கல் பெரி. வரலாற்றுப் போர்களை உடையணிந்து நடித்துக் காட்டும் நிகழ்வொன்றில், 1996 இல் பிரான்சில் பீரங்கி விபத்தில் வலக் கையை இழந்தார். பின்னர் இடக் கையால் செதுக்கப் பழகி, ஆயிரம் வீரர்களை மறுபடி படைத்தார்.

ஒரு பதினைந்து வயதுப் பையனின் திட்டம்

சப்பாத்துப் பெட்டியின் அடியில் ஓர் அப்பியாசக் கொப்பி இருந்தது. 1989 இல் எழுதிய படைத் திட்டம் அது. பக்கத்துக்கு ஓர் அணி. ஒவ்வொரு அணிக்கும் எத்தனை பேர், என்ன ஆயுதம், யார் தலைவன், கொடி என்ன நிறம், கைவசம் உள்ளவர் எத்தனை, வாங்க வேண்டியவர் எத்தனை என்று கோடிட்டு எழுதியிருந்தான். இந்த விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் அவனது வலிமைக்கும் ஆயுதத்துக்கும் ஏற்பப் புள்ளி விலை உண்டு. இரு தரப்பும் மொத்தம் ஒரே புள்ளி அளவில் படை திரட்ட வேண்டும். பூதம் ஒன்றைச் சேர்த்தால் குறளிகள் பலரை விட வேண்டும். மாதச் சம்பளத்தில் வீடு நடத்துபவர் போடும் கணக்கும் இதுவும் ஒன்றே.

"மாமா, இதை அப்பவே முடிச்சிருக்க வேணும். இப்ப முடிக்கப் போறன்" என்றான். நாற்பதை நெருங்கியவனின் குரலில் பதினைந்து வயது இருந்தது.

அவன் தனியாள் அல்லன். பழைய உருவங்களையும் பழைய விதிகளையுமே கொண்டு ஆடுவோம் என்று உறுதி பூண்டவர்கள் 2010களின் தொடக்கத்தில் 'ஓல்ட்ஹாமர்' என்ற பெயரில் ஒன்றுகூடினர். ஈயத்தின் நச்சுத்தன்மை காரணமாக 1990களில் உற்பத்தியாளர்கள் ஈயமற்ற கலவைக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாறிவிட்டனர். ஆகவே 1980களின் ஈயக் குறளிக்கு இன்று நல்ல விலை. அப்பியாசக் கொப்பியில் 'வாங்க வேண்டியவர்' என்றிருந்த இடங்களை நிரப்ப அவன் ஏலங்களில் தேடினான். புதிய பிளாஸ்டிக் குறளிகள் மலிவாகக் கிடைக்குமே என்றேன். "இவங்கள் கையிலை பாரமா இருக்கிறாங்கள் மாமா" என்பதே பதில்.

முதல் வேலை, பையனாக இருந்தபோது தடிப்பாகப் பூசிய எனாமலைக் கழற்றுவது. இதற்கு அந்நாட்டவர் கையாளும் மருந்து நம் வீடுகளில் எல்லாம் இருக்கும் டெட்டோல். தண்ணீர் கலக்காத டெட்டோலில் உருவங்களை ஓரிரு நாள் ஊறவிட்டு, பழைய பற்தூரிகையால் டெட்டோலிலேயே தேய்க்க வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரில் கழுவினால் கழன்ற வர்ணம் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். வீடு முழுவதும் ஆஸ்பத்திரி மணம் வீசியது. எனக்கு அந்த மணம் வேறு பல வாட்டுகளை நினைவூட்டியது. ஒன்றும் சொல்லாமல் தேய்த்துக் கொடுத்தேன்.

சில உருவங்கள் வெண்தூள் பூத்து உதிர்ந்திருந்தன. மரமும் அட்டையும் கசியவிடும் புளிப்பு ஆவி ஈயத்தைத் தின்னும். அரும்பொருட்காட்சியாளர்கள் ஓக் மரப் பேழைகளில் ஈயத்தை வைக்க அஞ்சுவது இதனால்தான். பதினொரு குறளிகள் அவ்வாறு போயின. அவன் அவற்றைத் தனியே ஒரு கடதாசியில் மடித்து வைத்து, கொப்பியில் அந்த அணியின் எதிரே எண்ணைத் திருத்தினான்.

பின்னர் அச்சுக் கோடுகளை அரத்தால் தேய்த்து, பாதத்தைச் சதுரத் தட்டில் செருகி ஒட்டி, முழு உருவத்துக்கும் வெள்ளை அடிப்பூச்சு. இருபது பேரை வரிசையில் நிறுத்தி, எல்லோருக்கும் தோல் நிறம், பிறகு எல்லோருக்கும் துணி, பிறகு எல்லோருக்கும் இரும்பு என்று படிப்படியாகப் பூசுவார்கள். நீர்த்த மையை மேலே ஓடவிட்டால் அது மடிப்புகளிலும் சுருக்கங்களிலும் தேங்கி நிழலாகும். தூரிகையில் வர்ணம் ஏறத்தாழ முழுவதையும் துடைத்துவிட்டு, உலர்ந்த மயிரால் மேடுகளை மட்டும் வருடினால் வெளிச்சம் விழும். அணிக்கு அணி உடை வேறுபட்டாலும் எல்லோருடைய கேடயத்திலும் ஒரே சிவப்பு இருந்தது. தொலைவிலிருந்து பார்க்கும்போது படையை ஒன்றாகக் கட்டுவது அந்த ஒரு நிறமே. வெட்சி சூடி ஆநிரை கவரவும், தும்பை சூடிப் பொருதவும் சென்ற நம் பழந்தமிழ்ப் படைகளுக்கும் இந்த உத்தி தெரிந்திருந்தது.

ஆனால், முகத்துக்கு வரும்போது வரிசைமுறை நின்றுவிடும். முகத்தை ஒவ்வொன்றாகத்தான் எழுத வேண்டும். அவன் எனக்கும் ஒரு குறளியைத் தந்தான். மூன்று மாலைகள் எடுத்தன. மூன்றாம் மாலை முழுவதும் கண்ணுக்கே போயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் புள்ளி. அது உலர்ந்ததும் அதனுள் கறுப்புப் புள்ளி. கறுப்பு வைக்கும் வரை அது ஓர் உலோகத் துண்டு. வைத்த கணத்தில் அது என்னைப் பார்த்தது.

எண்களும் முகங்களும்

அடுத்த ஞாயிறு, நியூவார்க்குக்கு அருகிலுள்ள ஈஸ்ட் ஸ்டோக் கிராமத்துக்கு மருமகன் என்னை அழைத்துப் போனான். அன்செலின் பிற்கால வார்ப்பகம் அங்கேதான் இருந்தது. பழைய உருவங்களை நேசிப்பவர்கள் அவ்வாண்டு கோடையில் அங்கு கூடி ஆடியிருந்தார்கள். அந்தக் கிராமத்துக்கு இன்னொரு பெயரும் உண்டு. 1487 ஜூன் 16 ஆம் திகதி, ரோசாப்பூப் போர்களின் இறுதிச் சமர் அங்குதான் நடந்தது. தோற்று ஓடிய ஆயிரக்கணக்கானோர் ஆற்றை நோக்கி இறங்கும் ஒரு பள்ளத்தில் வெட்டப்பட்டனர். அதைச் செந்நீர்ப் பள்ளம் என்னும் பொருளில் இன்றும் அழைக்கிறார்கள். கீழே விழுந்தவர்களுள் பிரபுக்கள் சிலரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. மற்றவர்கள் ஓர் எண். அந்த எண்ணிலும் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை.

எனக்கு அது பழகிய விடயம். முப்பது ஆண்டுகள் செய்தியறையில் இரவுப் பணி பார்த்தவன் நான். இரவு ஒன்பது மணிக்குப் பின் இரு தரப்பு அறிக்கைகளும் வரும். ஒரு தரப்பு எதிரிகள் நாற்பது பேர் என்னும். மறு தரப்பு எதிரிகள் அறுபது பேர் என்னும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, எந்த எண்ணைத் தலைப்பில் இடுவது என்று விவாதிப்போம். பத்தி அகலத்துக்கு எழுத்து அடங்க வேண்டும் என்பதும் அந்த விவாதத்தில் ஒரு காரணமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. 2009 மே மாதம் எண்களே வராத இரவுகளும் இருந்தன.

நம் முன்னோர் ஆநிரை மீட்டு மாண்ட ஒருவனுக்கு நடுகல் நட்டார்கள். அதில் அவன் உருவம், அவன் பெயர், அவன் ஆயுதம். ஒருவனுக்கு ஒரு கல். ஓர் உருவத்தைச் செய்யச் செலவாகும் நேரமே அவனுக்குச் செலுத்தும் மரியாதை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நூற்றுநாற்பது குறளிகளுக்கு நூற்றுநாற்பது முகம் எழுத என் மருமகன் எத்தனை மாலைகளைச் செலவிடப் போகிறான் என்று அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்று கணக்குப் போட்டேன். என் வாழ்நாளில் தலைப்பிட்ட எண்களுக்கு அவ்வாறு மாலைகளைச் செலவிட்டிருந்தால் எத்தனை பிறவி வேண்டும் என்ற கணக்கை முடிக்கவில்லை.

வரும் வழியில், தாயின் பழைய கேள்வியை நானே அவனிடம் கேட்டேன். காரை ஓட்டியபடி சற்று நேரம் பேசாதிருந்தான்.

"ஊரிலை சத்தம் கேட்டா மேசைக்குக் கீழை பூந்து இருப்பம் மாமா. ஆர் அடிக்கிறாங்கள், ஏன் அடிக்கிறாங்கள், எப்ப முடியும், ஒண்டும் தெரியாது. இங்கை மேசைக்கு மேலை நான் நிண்டன். ரெண்டு பக்கமும் ஒரே புள்ளி. ஆறு முறை ஆடினா முடிஞ்சுது. செத்தவங்கள் எல்லாம் திரும்பப் பெட்டிக்குள்ளை போவாங்கள்."

வெல்ஸ் சொன்னதும் ஃபெதர்ஸ்ரோன் செய்ததும் இதிலிருந்து வெகு தூரமில்லை என்று நினைக்கிறேன். சேர்ச்சில் பொம்மையைக் கண்டு போருக்குப் போனார். போரைக் கண்டவர்களோ, விதியும் எல்லையும் முடிவும் உள்ள ஒரு போரைத் தேடிப் பொம்மைக்கு வந்தார்கள். இரண்டும் நடந்திருக்கின்றன, பொம்மைக்கு இதில் பங்கு குறைவு. மேசைக்கு மேல் நிற்பவர் கீழே இருந்தவரா இல்லையா என்பதே வேறுபாடு.

2019 இல் மறுபடி நொட்டிங்ஹாம் போனேன். படை முடிந்திருந்தது. கண்ணாடி அலுமாரியில் மூன்று தட்டுகளில், சிவப்புக் கேடயங்களுடன், அப்பியாசக் கொப்பியில் உள்ள அதே ஒழுங்கில் நின்றது. அழிந்த பதினொரு பேரின் இடம் மட்டும் இடைவெளியாக விடப்பட்டிருந்தது. தங்கை அலுமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த துணியாலேயே இரண்டாம் தட்டில் ஒருவனைச் சுட்டிக் காட்டினாள்.

"அண்ணை, மற்றவங்கள் எல்லாம் வடிவா இருக்கிறாங்கள். இவனுக்கு மட்டும் ஏன் ஒரு கண் சரிஞ்சு கிடக்கு?"

அவன் நான் பூசியவன்.